காலியாகக் கிடந்தது

பேருந்துப் பலகையில் பெஸ்தாரி ஜெயா.
இறங்குகிறவர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
கடை வாடகை ரசீது ஒரு பெயரில் வரும்,
பக்கத்து இரும்புக்கடை ஆ சொங் மற்றதைத்தான் சொல்வார்.
எதைச் சொன்னாலும் நான் இருப்பது இங்கேதான்.

நாலு மணி மழைக்கு முன்,
மோட்டார் கூடையில்
அரிசிப் பையால் சுற்றிய மடிக்கணினியோடு
கோகிலவாணி வந்தாள்.
செம்பனை ஆலை எடைமேடையில் கணக்கு எழுதுகிறவள்.
சட்டைக் கையில் லாரித் தூசி.
"நேத்து ராத்திரியிலேர்ந்து இப்படியே நிக்குது."

கறுப்புத் திரை.
அப்படியொரு பகிர்வே இல்லை என்று ஒரு வரி.
அடுத்த வரியில் கிரப் ரெஸ்கியூ,
பக்கத்தில் ஒரு கோடு
மினுக்கி மினுக்கி.

"எதையாச்சும் அழிச்சீங்களா?"
"இல்ல."
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
"காலியா கிடந்ததை மட்டும்."

காலி.
விண்டோஸ் அப்படித்தான் காட்டும்.
பெயரில்லை, வகையில்லை, நூற்றுப்பத்து ஜிபி.
தனக்கு வாசிக்க வராத அறையை
ஆளில்லாத அறை என்றுவிடும்.
அங்கே லினக்ஸ் குடியிருந்தது.
குணாளன் போட்டது.
அவனுக்கு அதே ஆலையில் பாய்லர் பக்கம், இரவு ஷிப்டு.
அவன் மோட்டார் உள்ளே வரும்போது
இவள் மோட்டார் வெளியே போகும்.

கடிகாரத்தில்தான் சண்டை தொடங்கியதாம்.
அவன் மூடிவைத்த காலையில் இவள் திறந்தால்
எட்டு மணி நேரம் பின்னால் நிற்கும்.
வெளியே காலை ஏழு. திரையில் இரவு பதினொன்று.
"வேணும்னே மாத்தி வைக்கிறான்னு நெனச்சேன்."
இல்லக்கா.
அவரோடது கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும்,
உங்களோடது அதை நம்ம ஊர் நேரம்னு நம்பும்.
"எட்டு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லல."
கேட்டது அவன் தூங்கும்போதா என்று நான் கேட்கவில்லை.

"என்னோடது மட்டும் வந்தாப் போதும்."

அதற்கு ஐந்து நிமிடம்.
பென்டிரைவில் எழுப்பி,
துவக்கப் பதிவை விண்டோஸ் பேருக்கே எழுதிவிட்டால்
முப்பது வெள்ளி, மழைக்கு முன்னால் வீடு.
கையும் அதற்குத்தான் போனது.

"அழிச்சப்புறம் அதுமேல ஏதும் எழுதலையே?"
"எனக்கு இடம் பத்தல. நாளைக்குச் சேர்த்துக்கலாம்னு மூடிட்டேன்."

அப்படியானால் போனது கதவு எண் மட்டும்.
உள்ளே பாய்கூட மடித்தபடியே கிடக்கும்.
சொன்னேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

மழை பிடித்தது.
தகரத்தில் அது விழுகிற விழுச்சலில் பேச முடியாமல்
பொட்டலத்தில் இருந்த தே ஓவை
ஐஸ் கடைசிவரை உறிஞ்சினாள்.
பிறகு கத்தினாள்:
"எவ்ளோ?"
"எழுபது! நேரமும் ஆகும்!"
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

டெஸ்ட்டிஸ்க் வட்டைத் துழாவியது.
நாற்பது விழுக்காடு, ஒன்றுமில்லை.
ஐம்பது, ஒன்றுமில்லை.
அறுபத்தொன்றில் பச்சையாய் ஒரு வரி,
பெயரோடு: குணா.
"உள்ள என்ன இருக்குன்னு காட்டு."
அதை அவர் வந்து திறக்கட்டும் என்றேன்.
முகம் சுண்டியது. நான் திரையைப் பார்த்தேன்.

அட்டவணையில் அவனைத் திரும்ப எழுதி,
எந்த வட்டு, எந்த எண் என்று கிரப்புக்கு வழி சொல்லி,
இரண்டையும் ஒரே கடிகாரத்தை நம்பவைத்து
அணைத்துப் போட்டேன்.

மேலே உபுண்டு. கீழே விண்டோஸ்.
அடியில் பத்து, ஒன்பது, எட்டு.

"என்னோடது மேல இருக்கட்டும்."
மாற்றினேன்.
"எதுக்கு எண்ணுது?"
"யாரும் தொடலன்னா மேல உள்ளது திறந்துக்கும்.
கீழ உள்ளது வேணும்னா
அதுக்குள்ள அம்புக்குறியை அழுத்தணும்."
"பத்து வேணாம். மூணு வை."
வைத்தேன்.

எழுபதை எண்ணிக் கொடுத்து,
அரிசிப் பையை மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டு
படி இறங்கினவள்
மோட்டாரை உதைக்காமல் நின்றாள்.
சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள்.

"பாய்லர்லேர்ந்து வர்ற கை,
சட்டுன்னு வராது.
அஞ்சு வை."