இராத்திரி எப்படித் தூங்குவான்

எட்டுப் பல் சொத்தை.
மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும் என்று
பல் டாக்டர் மாடிக்கு அனுப்பினார், இன்னொரு டாக்டரிடம்.
எடை மெஷின், மூன்று நாற்காலி,
ஜன்னலில் காய்ந்த காக்கா எச்சம்.

ஹேமந்தைச் செருப்போடு ஏற்றினேன்.
கழட்டுங்க, என்றார். எடைக்குத் தகுந்த மருந்து.
செருப்பில்லாமல் பதினாலு கிலோ இருநூறு.

காயம் பட்டா ரத்தம் சீக்கிரம் நிக்குமா?
பொங்கலுக்குப் பட்ட நூல் அறுத்த விரலைக் காட்டினேன்.
உங்க வீட்ல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காம போயிருக்கா?
எங்கள் பக்கம் யாரும்
ஆபரேஷன்வரை பிழைத்துப் போனதில்லை.
இல்லை, என்றேன்.
வீட்டுக்குள்ள சிகரெட்?
டில்லிபாபு படிக்கட்டில் நின்றுதான் பிடிப்பார் என்றேன்,
எர்ணாவூரில் எங்கள் படிக்கட்டுக்கும் பாய்க்கும் நடுவே
சுவர் இருப்பதுபோல.

இராத்திரி எப்படித் தூங்குவான்?
கொறட்டை உண்டா?
மூச்சு நின்னு நின்னு வருதா?

எனக்கு இறால் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்.
ஐஸில் விறைத்த விரல்களோடு விடிகாலையில் வரும்போது
பல்லைப் பிடித்துக்கொண்டு அழுதபடி உட்கார்ந்திருப்பான்.
அவன் தூங்கி நான் பார்த்து
இரண்டு வருஷம் இருக்கும்.
டாக்டரின் பேனா தாள்மேல் காத்திருந்தது.

"ஃபேன் சத்தத்த விட ஜாஸ்தியா விடுவான்,"
என்றாள் சாருமதி. பத்து வயசு,
அன்றைக்கு ஸ்கூலுக்கு மட்டம்.
"நடுவுல நின்னுடும்.
நான் ஒரு ஒத விட்டேன்னா
திரும்ப ஸ்டார்ட் ஆவும்."

டாக்டர் சிரிக்கவில்லை.
நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.
ராவுக்கு எத்தனை தடவை, மல்லாந்தா, ஒருக்களிச்சா,
சளி எப்போதிலிருந்து.
அவள் சொல்லச் சொல்ல
எனக்குத் தெரியாத ஒரு பையன்
அந்தத் தாளில் நிரம்பிக்கொண்டிருந்தான்.

ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி
நெஞ்சில் வைத்தார். முதுகில். மறுபடி நெஞ்சில்.
ஆடுற பல்லு ஏதாவது இருக்கா?
கீழ்ப்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினான்,
பரிசு வாங்கினவன்போல.

"உள்ள விசில் கேக்குது. இப்ப வேணாம்.
மூக்கு தொண்டை டாக்டரையும் பாத்துடுங்க,
சளி போய் மூணு வாரம் கழிச்சு வாங்க."
மூணு வாரமும் வலிக்குமே, என்றேன்.
"வலிக்கும்," என்றார். மாத்திரை எழுதினார்.
"வர்ற அன்னிக்கு வெறும் வயிறு.
ஒரு பிஸ்கட் தின்னிருந்தாலும் மறைக்கக் கூடாது."
ஹேமந்த் டிரவுசர் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

அன்றிரவு வேலைக்குப் போகவில்லை.
கூலி போனால் போகிறது.
இரண்டு பேருக்கும் நடுவில் படுத்தேன்.
கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிந்ததும்
அவன் குறட்டை கேட்டது.
பிறகு நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கு.
கை எழவில்லை எனக்கு.
பின்னாலிருந்து, தூக்கத்திலேயே,
சாருமதியின் உதை
என் இடுப்பில் வந்து விழுந்தது.

அதை அப்படியே வாங்கி
அவனுக்குக் கொடுத்தேன்.