எண்பத்தேழு

ஒரு பாரத்துக்கு இரண்டு வெள்ளி.
பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரி,
ஆ லெங் கடை அஞ்சடியில் என் மடக்கு மேசை.
ஆ லெங் விற்பதும் காகிதம்தான்:
இறந்தவர்களுக்கு எரித்து அனுப்பும்
காகித வீடு, காகிதக் கார்,
போன மாதத்திலிருந்து கடப்பிதழும் உண்டு.
இன்னும் சாகாதவர்கள்
என் பக்கம் வந்து உட்காருவார்கள்.

பிறந்த இடம் என்ன என்பேன்.
மூணாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா.
மாநிலம்?
ஆத்துத்தோட்டம்.
பேறு பார்த்தது யார்?
ஆயக்கொட்டகை ராக்காயி.
ராக்காயி எங்கே என்றால்
கை நீட்டுவார்கள்.
அந்தத் திசையில் இடுகாடு இருந்தது.
இப்போது கோல்ப் மைதானத்தின் ஒன்பதாவது குழி.

கிராணியின் பேரேட்டில்
நிரைக்கு இத்தனை கித்தா மரமென்று
கணக்கு இருந்தது.
பட்டுப்போன மரத்துக்கும் ஒரு கோடு.
பிள்ளைகளை எழுதிய ஏட்டைக்
கறையான் தின்றுவிட்டதாகக்
கம்பெனி கடிதம் போட்டது.
மரக்கணக்கைத் தொடாத கறையான்.

குப்பாயிக்கு அறுபத்தெட்டு.
முப்பத்தோரு வருடம் மருந்துத் தோம்பு சுமந்து
செம்பனைக்கு அடியில் புல்லைக் கொன்றவர்.
கண்ணாடியில் கட்டைவிரல் வைத்தார்.
சிவப்பு விளக்கு.
துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்
முகப்பில் புவான் ரொஹானி.
நான்தான் தமிழில் சொன்னேன்.
"தொடச்சுத் தொடச்சுத்தான்மா இப்படி ஆச்சு."
பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று.
ஒருத்தியின் ரேகை
எந்தப் புல்லோடு சேர்ந்து கருகியதென்று
இயந்திரத்துக்கு என்ன தெரியும்.

அதற்கப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.
பழ லாரியில் நாற்பத்தொரு பேர் வந்து இறங்கினார்கள்.
ஒரே தோட்டம், ஒரே கேஸ் என்று
ஒரே ஒரு எண்ணைக் கிழித்துக் கொடுத்தார்கள்:
எண்பத்தேழு.

பன்னிரண்டே முக்காலுக்கு முகப்பு மூடியது.
யாரும் வெளியே போகவில்லை.
காவலுக்கு நேப்பாளத்துப் பையன்.
"அக்கா, என் வேலை போயிடும்" என்றான்,
எங்களிடம் கற்ற தமிழில்.
அவன் கடப்பிதழ் முதலாளியின் இரும்புப்பெட்டியில்.
பரீட்சை எழுத எண் இல்லாத யோகேஸ்வரி
அவனுக்கும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் நீட்டினாள்.
நின்றபடியே தின்றான்,
கதவைப் பார்த்துக்கொண்டு.

தரையில் சம்மணமிட்டிருந்த குப்பாயி
யாரையும் பார்க்காமல் பேசினார்:
"பெரட்டுக்களத்துல
காலையில அஞ்சரைக்குப் பேர் கூப்பிடுவான் மண்டோர்.
மழைன்னாலும் கூப்பிடுவான்.
பிள்ளை செத்த மறுநாளும் கூப்பிட்டான்.
அன்னிக்கெல்லாம்
நாங்க யாருன்னு தெரிஞ்சிருந்துச்சே."

இரண்டு மணிக்கு மணி அடித்தது.
எண்பத்தேழு.
நாற்பத்தொரு பேரும் எழுந்தார்கள்.
முழங்கால்கள் நொடித்த சத்தம்,
கைலி உதறிய சத்தம்.
புவான் ரொஹானி நிமிர்ந்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.
விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கி
நடுவில் தவறவிட்டு
முதலிலிருந்து எண்ணினார்.

வேறொன்றும் நடக்கவில்லை.
பாரங்களில் முத்திரை விழுந்தது: பெற்றுக்கொண்டோம்.
பதில் வர ஆறு மாதமோ ஆறு வருடமோ.
குப்பாயி காயாத முத்திரையைத் தொட்டுப் பார்த்தார்.
கட்டைவிரலில் ஒட்டியது
கோடில்லாத நீலம்.
அதைத் துடைக்காமலே லாரி ஏறினார்.

சாயங்காலம் இழுப்பறையைத் திறந்தேன்.
அடியில் ஒரு பழைய பாரம்.
பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கும் சிவப்பு அட்டைதான்.
ஊருக்கெல்லாம் எழுதியவள்.
பெயர் எழுதினேன்.
பிறந்த இடம் கட்டத்துக்குள் அடங்கவில்லை,
ஓரத்தில் ஏற்றி எழுதினேன்.
பிறகு பையைத் துழாவி
இரண்டு வெள்ளி எடுத்து
என் டப்பாவில் போட்டேன்.