காரணம் எழுதும் கட்டம்

பதிவேட்டில் ஏழாவது கட்டம் அது.
பெயர், வயது, எத்தனையாவது மாதம்,
கணவன் பெயர், கைபேசி எண்,
ஊசி போட்டாச்சா இல்லையா,
இல்லையென்றால்
காரணம்.
கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

நெல்லூர்பேட்டை ஷாஹிதா சொன்னது
அதில் அடங்கிவிட்டது:
"பிரசவம் ஆவட்டும்."

லுங்கித் தறிக்காரர் வீட்டு மருமகள்
வாயே திறக்கவில்லை.
மாமியார்தான் கதவை மறித்து நின்று
ஆடி கழியட்டும் என்றார்.
"ஆடி" என்றே எழுதினேன்.
மேலே படிக்கிறவர்கள்
என்ன நோயென்று எடுத்துக்கொண்டார்களோ.

எழிலரசியின் போனில்
ஒரு பெண் அழுகிற வீடியோ.
எந்த ஊர் என்றேன். தெரியாது.
என்ன பாஷை? அதுவும் தெரியாது.
அழுகை மட்டும் புரிந்ததாம்.

கோட்டீஸ்வரி வீட்டுக்கு நாலு முறை.
மடியில் முறம், முறத்தில் பீடி இலை,
முறத்துக்குக் கீழே ஆறு மாதம்.
தூள் நெடிக்கு
முகக்கவசத்துக்குள்ளேயே தும்மினேன்.
அவள் சிரிக்கவில்லை.

முதல் முறை கணக்கு சொன்னேன்.
இரண்டாம் முறை டாக்டரம்மாவை அழைத்துப்போனேன்;
அவர் சொன்னதும் அதே கணக்குதான்,
கொஞ்சம் வேகமாக.
மூன்றாம் முறை, சொல்ல வெட்கமாக இருக்கிறது,
பயமுறுத்தினேன்.
மூச்சு முட்டிச் செத்த ஒருத்தியின் பெயரைச் சொன்னேன்.
பத்தாவது வரை
இரண்டு பேரும் ஒரே பெஞ்சு என்று
எனக்கு யார் சொன்னார்கள்.

நாலாவது முறை
சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.
குடியாத்தம் வெயிலுக்கு ஆடி என்ன, பங்குனி என்ன.
தண்ணீர் கேட்டேன்.
சொம்பை வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"போன தபா எட்டாம் மாசம்.
நீங்க இல்ல, உங்களுக்கு முன்னாடி இருந்தாங்களே, அவங்க.
டிடி ஊசிக்கு மூணு நாளு நடையா நடந்தாங்க.
போட்டுக்கினேன்.
பத்து நாள் கழிச்சி வயித்துல அசைவு இல்ல.
ஊசியால இல்லன்னு எனக்கும் தெரியும்.
கொடி சுத்திகினு இருந்துச்சாம்.
நான் அத்த கேக்கல.
ஊசிக்கு முன்னாடி மூணு நாளு வந்தவங்க
அப்புறம் இன்னாத்துக்கு ஒரு நாளு வரல?"

சொல்லிவிட்டு
பீடிக் கட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஒண்ணும் ஆகாது என்று சொல்ல
வாய் தயாராக இருந்தது.
ஆறு வருடமாகச் சொல்லித் தேய்ந்தது.
விழுங்கினேன்.
வருவேன் என்றேன்.
போட்டாலும் வருவேன், போடாவிட்டாலும்.
"எப்போ?"
வெள்ளிக்கிழமை.

அன்று ஏழாவது கட்டத்தில்
"வீட்டில் இல்லை" என்று எழுதினேன்.
பொய்தான்.
"மறுப்பு" என்றால் பெயர் சிவப்பு மைக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை நீலப்பெட்டி எடுக்காமல் போனேன்.
முதலில் என் கையைத்தான் பார்த்தாள்.
பிரஷர் பார்த்தேன், கால் வீக்கம் அழுத்திப் பார்த்தேன்.
கட்டு சரியில்லை என்று கான்ட்ராக்டர்
கழித்துப்போட்ட பீடிகளைப் பற்றி
அரை மணி நேரம் திட்டினாள்.
நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.
ஊசிப் பேச்சு வரவில்லை.

புதன்கிழமை, பள்ளிக்கூட வராந்தாவில் முகாம்.
ஒரு குப்பி பத்துப் பேருக்கு,
திறந்தால் நாலு மணி நேரம்.
ஏழு பேர் வந்திருந்தார்கள்.
மிச்சத்தைக் கொட்டுவதா என்று
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புகையிலை வாசம் வந்தது.
நிமிர்ந்தேன்.

இடது கையை நீட்டினாள்.
வலது கைக்கு நாளை ஆயிரம் பீடி இருக்கிறது.
கண்ணை மூடவில்லை.
ஊசி இறங்குவதை,
பஞ்சு வைப்பதை,
நான் அட்டையில் எழுதுவதை,
எல்லாவற்றையும் பார்த்தாள்.
"நாளைக்கி?"
காலையில், ஏழு மணிக்குள்.

இரண்டு டோஸ் வீண். அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

இப்போது ஏழாக இன்னும் பத்து நிமிடம்.
செதுக்கரைத் திருப்பத்தில்
ஸ்கூட்டி பஞ்சர்.
கடை திறக்கவில்லை.
தள்ளிக்கொண்டு
நடக்கிறேன்.