பங்கு

எங்கள் கரையில் பங்கு என்றால் இரண்டு.
வந்த மீனை வகுப்பது ஒன்று.
பாதர் நடத்துகிற ஊர் மற்றொன்று.
பாம்பன் வங்கிக்குப் புதிதாக வந்த மேலாளரிடம்
"பங்குக் கணக்கு தொடங்கணும்" என்றேன்.
ஷேர் மார்க்கெட் படிவத்தை எடுத்து நீட்டினார்.

டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு
முதலில் கழியும்.
மிச்சத்தில் படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று,
இஞ்சினுக்கு ஒன்று, பிறகு ஆளுக்கு ஒன்று.
படகுக்கு வாயில்லை.
வலை ஒருநாளும் பசி என்று அழுததில்லை.
ஆனாலும் அவற்றுக்கு உண்டு.
அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.
கோயிலுக்கு ஒன்று என்னும்போதுதான்
எனக்கு வரும்.

மூன்று வருடமாக நான்தான் காணிக்கை எண்ணுகிறேன்.
தையல்காரி, கணக்குச் சுத்தம் என்று பாதர் சொல்லிவிட்டார்.
நானும் சிசிலியும் உபதேசியாரும்.
நோட்டுப் பறக்கும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட்டு
பூசை முடிந்த வெக்கையில் உட்கார்ந்து எண்ணுவோம்.
நண்டு கம்பெனிக்காரர் தாள் மடிப்புக் கலையாமல் வரும்.
பாசி எடுக்கிற பெண்களின் தாள்
பீடி மாதிரி சுருண்டு, ஈரமாக, மணலோடு வரும்.
விரித்தால் திரும்பவும் சுருண்டுகொள்ளும்.
மேலே செபப்புத்தகத்தை வைத்து அழுத்துவோம்.

இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி
பாதர் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம்
நான் நினைப்பது வேறு:
அன்று சாயங்காலம் அதை எண்ணியது யார்?
மொத்தத்தில் அந்த இரண்டு காசு
எந்த வரியில் போய்ச் சேர்ந்தது?

போன வருடம் கோபுரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம்.
பில்லில் கையெழுத்து என்னுடையது.
இன்னும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
அதே நோட்டில், நாலு பக்கம் தள்ளி,
ரெமிஜியூஸ் படகை இலங்கைக்காரன் பிடித்துப்போன மாதம்
எட்டு வீட்டுக்கு அரிசி, வக்கீலுக்கு, பஸ்ஸுக்கு.
யார் பெயரும் இல்லை.
'பொது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.
அதுவும் என் கையெழுத்துதான்.

மே மாதம், தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடந்து ஒன்றையொன்று இடிக்கிறது.
ஒரு கவரைப் பிரித்தால் பணமில்லை. சீட்டு.
"கடல் தொறந்ததும் தாரேன். கணக்குல எழுதவும். எஸ்கலின்."
உபதேசியார் சிரித்தார்.
எழுதத்தான் பார்த்தேன்.
வரவா? இல்லை.
கடனா?
யாருக்கு யார் கடன்?
அந்த எட்டு வீட்டில் அவள் வீடும் ஒன்று.
பக்கத்தை மூடிவிட்டேன்.

புதன்கிழமை ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள்.
விரல் முழுக்கத் துணி சுற்றியிருந்தது, பாசி அறுத்த வெட்டு.
டேப்பைத் தோளில் வைத்துக்கொண்டே கேட்டேன்.
"அப்ப வாங்கினதுக்காகவா குடுக்குற?"
"அதுக்குன்னா கடனாயிரும்லக்கா."
"அப்பறம் எதுக்கு? பாதர் கேட்டாரா?"
"படகுக்குப் பங்கு வைக்கிறமே,
படகுட்டக் கேட்டா வைக்கிறம்?
கழுத்தக் கொஞ்சம் எறக்கி வையுங்க.
போன தடவ இறுக்கிருச்சு."

ஜூன் பதினைந்துக்குப் பிறகு இரண்டாம் ஞாயிறு
கவர் வந்தது. இருநூற்று முப்பது ரூபாய்.
முழு எண்ணாக்க நினைக்காத தொகை.
பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
என்ன வந்திருக்கும், என்ன மிஞ்சியிருக்கும் என்று.
சிசிலி முழங்கையால் இடித்தாள்.
பெயர் பார்த்து எண்ணக்கூடாது என்பது எங்களுக்குள் சட்டம்.

நான் போடுவது எப்போதும் ஐம்பது.
தட்டு வரும்போது பையில் துழாவி எடுக்கிற தாள்.
எதில் எத்தனையில் ஒன்று என்று
கேட்டுக்கொண்டதில்லை.

அன்று ராத்திரி ரவிக்கைச் சீட்டின் பின்பக்கம்
எழுத ஆரம்பித்தேன்.
நூல், கொக்கி, லைனிங்.
கரண்ட்.
மெஷினுக்கு எண்ணெய்.
மெஷினுக்கு ஒரு பங்கு.
எனக்கு ஒன்று.
அதன் கீழே ஒரு கோடு.

வெளியே வாடைப்பக்கம்
ஏதோ ஒரு படகு லேட்டாகக் கரை சேர்கிற சத்தம்.
கோட்டுக்குக் கீழே பேனாவை வைத்தபடி
கொஞ்ச நேரம் இருந்தேன்.
மை ஊறி
ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.