முதுகு காட்டியவள்

நீவெஸ் பௌதாசோவின் முகத்தைப் பற்றி
என்னிடம் கேட்காதீர்கள்.
முதுகைக் கேளுங்கள், சொல்கிறேன்.

வலத் தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம்,
கொத்துமல்லி விதையளவு.
எண் துணிக்கு நாலு ஊக்கு கொடுப்பார்கள்,
மூன்றுதான் குத்துவாள்.
நாலாவது மூலை காற்றில் படபடக்கும்.
பதினொரு வருடம்
அந்தப் படபடப்பின் பின்னால் ஓடினேன்.

போர்க்களத்தில் முதுகு காட்டினால் தோல்வி.
எங்கள் களத்தில்
காட்டுகிறவள் ஜெயித்தவள்,
பார்க்கிறவள் நான்.

வெர்செல்லியில் அரிசி ஆலைக் கணக்கு எனக்கு.
விடியுமுன் வரப்பில் ஓடுவேன்,
தவளைகள் இரண்டு பக்கமும் குதித்து வழிவிடும்.
அவள் நோவாரா ஆஸ்பத்திரியில்
படுக்கை விரிப்புகள் வெளுப்பவள்.
அருகே போனால் குளோரின் நெடி.
அருகே நின்றது தொடக்கக் கோட்டில் மட்டும்.

ஊர் ஊராக ஓட்டம்.
முதல் பரிசு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை,
முழுசாக, கயிறு கட்டி.
இரண்டாம் பரிசு காப்பிப் பாத்திரம்.
என் வீட்டில் பதினாறு காப்பிப் பாத்திரங்கள்.
நான் டீ குடிப்பவள்.

ஒலிபெருக்கிக்காரர் அவள் பெயரை
நூடுல்ஸ் போல இழுத்து இழுத்துச் சொல்வார்.
ஜிசால்பெர்த்தி என்று என் பெயர் வரும்போது
அவருக்கு இருமல் வந்துவிடும்.

ஒருமுறை நீல பனியன் போட்டு
ஜெர்மனிக்குப் போனாள், தேசத்துக்காக.
பத்தொன்பதாவது.
செய்தித்தாளில் ஆறு வரி.
ஆலையில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து
ஆறையும் படித்தேன்.
எனக்கு ஏன் வெட்கமாக இருந்தது
என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு எண்பத்தாறு, மார்ச்.
நதிக்கரை மேட்டில் மாரத்தான்.
முப்பத்து நாலாவது கிலோமீட்டரில்
அந்தத் துணி மூலை
படபடப்பதை நிறுத்தியது.

முதலில் காற்றுதான் நின்றுவிட்டதென்று நினைத்தேன்.

அவள் நடந்துகொண்டிருந்தாள்.
இடது பாதத்தைத் தரையில் வைக்காமல்
வைத்தது போலப் பாசாங்கு செய்து.
தாண்டும்போது முகத்தைப் பார்த்தேன்:
உதட்டோரம் உப்புப் படிந்து,
முன்பல் ஒன்று கோணலாக,
நான் நினைத்திருந்ததைவிட
வயதான, சாதாரணமான முகம்.
ஒரே சொல் சொன்னாள்: போ.
பக்கத்தில் பாயும் நதிக்கும் அதே பெயர்.
யாரைச் சொன்னாளோ.

மிச்சம் எட்டுக் கிலோமீட்டர்.
முன்னால் முதுகு இல்லை.
வேகமாகப் போகிறேனா, மெதுவாகவா,
கேட்க யாருமில்லை.
பாப்லர் மரங்களைத் துரத்தினேன், அவை நகரவில்லை.
இரண்டாவதாக வந்த நாட்களைவிட
ஆறு நிமிடம் அதிகமாகி
முதலாவதாக வந்தேன்.
ஒலிபெருக்கிக்காரர் இருமினார்.

திங்கட்கிழமை, பன்றித்தொடையை மடியில் வைத்து
நோவாராவுக்குப் பஸ் ஏறினேன்.
கதவைத் திறந்தாள், காலில் மாவுக்கட்டு.
மடியில் கிடந்த குழந்தை போல நான் ஏந்தியிருந்ததை
ஒரு பார்வை பார்த்தாள்.
'எதிர்வீட்டு நாய்க்குப் பிடிக்கும்,' என்றாள்.
'எனக்கு ஒரு காப்பிப் பாத்திரம் கிடைக்காதா என்றிருந்தது.
என்னிடம் இருப்பது ஒழுகுகிறது.'

அந்தக் கால் எலும்பு சரியாகச் சேரவில்லை.
அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை.
நான் இரண்டு வருடம் ஓடினேன்,
வேறு முதுகுகளின் பின்னால்.
எதிலும் மனம் ஒட்டவில்லை.

அன்று கிளம்பும்போது கேட்டேன்:
'என் கண்முன் நீ இருந்தாய்.
உன் கண்முன் என்ன இருந்தது, இத்தனை வருடம்?'
கேள்வியே புரியாதவள் போல யோசித்தாள்.

'கடிகாரம் சுமந்த ஃபியட் கார்,' என்றாள்.
'பின்பக்கம்தான். முகம் பார்த்ததில்லை.
ஒரு வருஷம் மூடுபனியில் அது வழிதவறிக்
கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விட்டது.
நானும் போனேன்.
திரும்பிப் பார்த்தால் நீயும் வந்துகொண்டிருந்தாய்.'