பதினான்கு மாதம்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
அந்தரத்தில் நிற்கிறது என் பிக்கப்.
டீசல். பதினெட்டு முடிந்து பத்து மாதம்.
இருபது நிறைந்தால் சட்டப்படி அது பழைய இரும்பு.

"எதற்குப் புது ஸ்பிரிங்?"
மலாயில் கேட்கிறார் பூன் ஹெங்,
கேட்டபடியே பழையதைக் கழற்றுகிறார்.

போன சனிக்கிழமை
ஏழாம் மாத மேடைக்கு ஜெனரேட்டர் இழுத்துப் போனேன்.
இரண்டு டன். பின்பக்கம் குந்திவிட்டது வண்டி.
முகவிளக்கு இரண்டும் சாலையை விட்டுவிட்டு
ஹவ்காங் புளோக்குகளின் நான்காம் மாடியில்
துணி காய்வதைப் பார்த்துக்கொண்டே வந்தன.
ஒரு பெண் சன்னலை அறைந்து சாத்தினாள்.
மன்னிப்புக் கேட்க என்னிடம் ஹாரன்தான் இருந்தது.
அடிக்கவில்லை.

மேம்பால ஏற்றத்தில் வெப்பமுள்
சிவப்பை முகர்ந்து பார்த்தது.
ஏர்கானை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன்.
பின்னால் பேருந்து ஒன்று
பொறுமையாக என் புகையைத் தின்றது.

மூன்றாவது இன்ஜெக்டர் ஒழுகுகிறதாம்.
டர்போ குழாயில் நகம் நுழையும் கீறல்.
ரேடியேட்டரைப் பற்றி அவர் பேசவே விரும்பவில்லை.
மாற்றுங்கள் என்றேன், எல்லாவற்றையும்.
ரசீதை இளஞ்சேரனிடம் காட்டப் போவதில்லை.

கொக்கியின் உருண்டைக்கு நானே கிரீஸ் தடவினேன்,
விரலால்.

மாலையில் இறக்கினார்.
புகைக்குழாயின் வாயில் வெள்ளைக் கைக்குட்டை பிடித்து
முடுக்கச் சொன்னேன்.
சாம்பல். கறுப்பு இல்லை.
நாளைப் புகைச் சோதனைக்கு இது போதுமா?

பூன் ஹெங் வாங்கிப் பார்த்தார்,
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்,
பிறகு அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பாய லேபார் வேலைக்கு
வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன்.