பொட்டலக் குலுக்கல்

ஜூலை முதல் செவ்வாய்.
ஓமாருவில் ஐந்தரைக்கே இருட்டு.
பழைய கம்பளிக் கிடங்கின் பின்கூடத்தில்
ஹீட்டர் இரண்டு. ஒன்று எரிகிறது,
மற்றது எரிவதாக நம்பிக்கை.
பதினேழு பேர் வந்திருந்தோம்.
பதிவேடு எழுதுவது நான்.
டீ போடுவதும் நான்தான்,
ஆகவே எழுத்தில் அங்கங்கே பால்கறை.

முதலில் செமிசி
மக்ரோகார்ப்பா மரத்தில்
கிண்ணம் கடைந்துகாட்டினார்.
உளியை எப்படிச் சாய்த்தால் மாட்டிக்கொள்ளாது என்று
அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது
மாட்டிக்கொண்டது.
கிண்ணம் எகிறிக் கூரைப் பலகையில் மோதி
பிஸ்கட் தட்டில் இறங்கியது.
ஆட்களுக்கு அடியில்லை.
இஞ்சி பிஸ்கட் ஆறு காலி.
வழக்கப்படி ஏணி போட்டு ஏறி
வடுவைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டுப்
பெயரும் தேதியும் எழுதினோம்.
இதோடு கூரையில் இருபத்துமூன்று.
நான்கு என்னுடையவை.

பிறகு குலுக்கல்.
ஆளுக்கொரு மரத்துண்டு,
பழுப்புக் காகிதத்தில் சுற்றி.
யாருடையது, என்ன மரம், கேட்கக் கூடாது.
எடுத்தவர் அடுத்த மாதம்
அதை ஏதாவதாக ஆக்கிக் கொண்டுவர வேண்டும்.

மர்டோவுக்குப் பதினோராம் எண்.
பிரித்தார்.
கரும்பழுப்பில் ஊதா ஓடிய வைரம்,
இன்னும் ஈரம் காயவில்லை.
மோந்து பார்த்தார்.
கூடத்தில் ஹீட்டர் சத்தம் மட்டும்.

எங்கள் ஊருக்கே தெரிந்த மரம்.
நைரி வீட்டு வால்நட்.
தன் கண்ணாடிக் குடிலின் தக்காளிக்கு
வெயிலை மறிக்கிறதென்று
மர்டோ மூன்று வருஷம் மனுப் போட்ட மரம்.
ஏப்ரலில், காய் உதிரும் நேரத்தில் வெட்டினார்கள்.
அன்றிலிருந்து வேலிக்கு மேல் பேச்சில்லை.
கூட்டத்தில் நாற்காலி போட்டால்
இருவருக்கும் நடுவே யாராவது வேண்டும்.
பெரும்பாலும் நான்.

கடைந்தெடுத்த பிடிவாதக்காரர்கள்.
கடைசல் சங்கத்தில்
இதைத் திட்டாகவும் எழுத முடியவில்லை.

தனக்கு வந்த ப்ளம் கட்டையை
விரல் முட்டியால் தட்டித் தட்டி
ஓசை கேட்டுக்கொண்டிருந்தாள் நைரி,
உலகத்தில் வேறு ஓசையே இல்லாததுபோல.
வேறு துண்டு மாற்றிக்கொள்ள
விதியில் இடமுண்டு. நானே எழுதியது.
மர்டோ கேட்கவில்லை.
காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து
கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட். மழை.
மேசையில் வரிசையாக:
மெழுகுவத்தித் தண்டு ஒரு ஜோடி, ஒன்று குட்டை.
நின்று சுற்றும் பம்பரம்.
நைரியின் ப்ளம் மரக் கதவுக்குமிழ்,
பிடித்தால் விட மனம் வராது.
என்னுடையது கிண்ணமாகத் தொடங்கி
தட்டாகித் தேய்ந்து
கடைசியில் கோட்டுப் பொத்தான்.

மர்டோ வைத்தது ஒரு சிமிழ்.
காகிதக் கனத்தில் சுவர்,
மூடியின் நெற்றியில் எள்ளளவு குமிழ்.
கைக்குக் கை போயிற்று.
உள்ளே ஏதோ சலசலக்கிறது,
மூடி மட்டும் யாருக்கும் அசையவில்லை.
கடைந்தபோது வட்டமாய் இருந்தது
ஈரம் வற்றி முட்டையாய்க் கோணிவிட்டது,
உடம்பு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்.
மர்டோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நைரி வாங்கினாள்.
“பச்சை மரத்துல மூடி போடற முட்டாளை
இப்பதான் பாக்கறேன்.”
ஏப்ரலுக்குப் பிறகு அவரிடம் முதல் வாக்கியம்.
“மரம் உன்னுது,” என்றார் அவர்.

அவள் பதில் சொல்லாமல்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சிமிழை விளக்கடியில் பிடித்தாள்.
வளையத்தோடு வளையம் சேரும் ஒரே இடம்வரை
மயிரிழை மயிரிழையாகத் திருகினாள்.
அந்த வளையங்களை அவளுக்குத் தெரியும்,
எந்த வருஷம் வறட்சி, எந்த வருஷம் வெள்ளம்.
மூடி மூச்சு விட்டுக் கழன்றது.

தக்காளி விதை. ஒரு கரண்டி இருக்கும்.

இப்போது அவள் பக்கமும் வெயில்தான்.
அது சமாதானமா, குத்தலா
என்று எனக்கு விளங்கவில்லை.
அவளுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.
மூடி, கைப்பைக்குள் போட்டாள்.
“சிமிழ், வால்நட், நன்று” என்று எழுதினேன்.

செப்டம்பரில் நாற்காலி போடும்போது
நான் இனி நடுவில் வேண்டுமா
என்று கேட்டுவிட்டேன்.
“உக்காரு,” என்றார்கள் இருவரும்,
ஒரே நேரத்தில்.